நாக்குக்குக் கீழே இரண்டு நிமிடம்

என் சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்துகிறது என்று சொன்ன டொக்டர், அடுத்த வசனத்திலேயே என்னைத் தள்ளியும் வைத்தார். இரத்த வகை ஒன்றுதான், மற்றப் பரிசோதனைகளும் சரி, எனக்குச் சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை. நிறைதான் தொண்ணூற்றிரண்டு கிலோ.

"ரீச்சர், ஒரு பதின்மூண்டு கிலோவைக் குறைச்சுக்கொண்டு வாங்கோ. அதுக்குப் பிறகுதான் உங்களிலை கத்தி வைக்கிறதைப் பற்றி யோசிக்கலாம்."

பதின்மூன்று கிலோ! வீட்டுக்கு வருகிற காஸ் சிலிண்டரில் அடைத்திருக்கும் காஸே பன்னிரண்டரைக் கிலோதான். அதைத் தூக்கிக் குசினிக்குள் வைக்கவே எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேண்டும். அவ்வளவையும் நான் எந்தக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பது?

தம்பிக்கு நாற்பத்தொன்பது வயது, என்னைவிட ஏழு வயது இளையவன். வான் ஓடுகிறவன். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஓடி ஓடி இடுப்பு நொந்து, அந்த நோவுக்கு டொக்டர் எழுதின மருந்துத் துண்டு இல்லாமல் கடையில் வாங்கிய நோக்குளிசைகளைப் பத்து வருடமாகக் கச்சான் கொட்டை மாதிரிப் போட்டவன். அதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மிசினோடு படுக்கிறான். மிசினில் கன காலம் இழுக்கலாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இதயம் களைக்கத் தொடங்கிவிட்டது, ஒரு வருடத்துக்குள் மாற்றினால் நல்லது என்றார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

உடம்பு வைத்திருப்பது எங்கள் ஊரில் ஒரு குறையே இல்லை. உடுவிலில் நான் பிறந்த வளவிலேயே ஐம்பத்தாறு வருடமாக இருக்கிறேன். இத்தனை காலத்தில் 'கொழுத்துப்போனாய்' என்று ஒருவரும் என்னை ஏசியதில்லை. 'நல்லாய் இருக்கிறியள் ரீச்சர், வடிவாய் உடம்பு வைச்சிருக்கு' என்றுதான் சொல்வார்கள். இரண்டு கிலோ மெலிந்தால்தான் ஊர் பதறும். என்ன வருத்தம், சோதிச்சுப் பாத்தனியளோ, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ என்று வாசலில் வந்து நிற்கும். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கரிசனையில்தான் நான் தொண்ணூற்றிரண்டு கிலோவுக்கு வந்தேன்.

இரண்டு மாதம் நடந்து பார்த்தேன். சோற்றைக் குறைத்தேன், சீனியை விட்டேன், பாணை விட்டேன். குறைந்தது ஒன்றரைக் கிலோ. அதிலும் அரைக் கிலோ நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறியதாலாக இருக்கும். கிளினிக்கில் டொக்டர் தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு மருந்து இருக்கிறது என்றார். கிழமைக்கு ஒரு தடவை வயிற்றில் நீங்களே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், பசி அடங்கும், நிறை இறங்கும் என்றார்.

ஊசி என்றதும் நான் கதிரையைப் பின்னுக்கு இழுத்தேன். இரத்தம் எடுக்கிற இடத்திலேயே இரண்டு தடவை மயங்கி விழுந்தவள் நான்.

"கிட்னியே குடுக்கிறன் எண்டு நிக்கிற ஆளுக்கு உந்தச் சின்ன ஊசிக்குப் பயமோ?" என்று டொக்டர் சிரித்தார்.

"டொக்டர், கிட்னியை என்னை மயக்கிப்போட்டுத்தானே எடுப்பியள். உதை நான் கண்ணை முழிச்சுக்கொண்டெல்லோ குத்தவேணும்!"

அவர் பேனையை எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார், அதே மருந்தை நாக்குக்குக் கீழே விடுகிற துளியாகவும் கலந்து கொடுக்கிறார்கள், துண்டு எழுதி அனுப்பினால் கொழும்பில் ஒரு மருந்துக்கடையில் செய்து தருவார்கள் என்று. "ஆனால் ரீச்சர், ஒண்டை வடிவாய் விளங்கிக்கொள்ளுங்கோ. ஊசிக்குத்தான் ஆராய்ச்சியெல்லாம் இருக்கு. நாக்குக்குக் கீழை விடுறது எல்லாருக்கும் அப்பிடி வேலை செய்யுமோ எண்டு நான் கையடிச்சுத் தரமாட்டன். மாதா மாதம் இரத்தம் சோதிப்பம். மூண்டு மாதத்திலை ஒண்டும் நடக்கேல்லையெண்டால் ஊசிதான்."

ஓம், ஓம், ஓம் என்று தலையாட்டினேன். ஊசி இல்லையென்றால் வேப்பெண்ணெயைக்கூட நக்கியிருப்பேன்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. நிறையைக் குறைக்கச் சொன்ன அன்றே, ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்துத் தம்பி என்னிடம் சத்தியம் கேட்காத குறையாகச் சொல்லியிருந்தான். "அக்கா, எனக்காக மருந்து மாத்திரை எண்டு ஒண்டும் எடுக்கக்கூடாது. நான் குளிசை போட்டு அழிஞ்சது காணும். நீங்கள் எடுக்கிறியள் எண்டு கேள்விப்பட்டால், உங்கடை கிட்னி எனக்கு வேண்டாம்." அவன் சொன்னால் சொன்னதுதான். எங்கள் குடும்பத்தில் பிடிவாதத்துக்குப் பஞ்சமில்லை.

ஆகவே அவனுக்குச் சொல்லவில்லை. அவன் மனைவிக்கும் சொல்லவில்லை, அவளுக்குச் சொன்னால் அடுத்த நிமிடம் அவனுக்குத் தெரிந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் ஒரு நாளைக்குப் பத்து வசனம் கதைத்தால் அதிகம் என்கிற மனிதர், அதனால் பயமில்லை. கொழும்பிலிருந்து வருகிற பஸ்ஸில் ஐஸ் கட்டிகளோடு பெட்டியாக வந்த போத்தலை விடியற்காலையில் போய் எடுத்துவந்தது அவர்தான். பிரிட்ஜுக்குள் மாஜரீன் பேணிக்குப் பின்னால் ஒளித்து வைத்ததும் அவர்தான்.

மருந்து எடுக்கிற முறை கேட்கச் சின்ன விஷயம். காலையில் வெறுவயிற்றில் நாக்கைத் தூக்கி அதற்குக் கீழே துளிகளை விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு விழுங்கக்கூடாது, கதைக்கக்கூடாது. அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. துளி கைக்கிறது, இரும்பை நக்கினதுபோல. அது பெரிய விஷயமில்லை. கதைக்காமல் இருப்பதுதான் என் உயிரை வாங்கியது. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறேன். வகுப்பில் கத்தி, வீட்டில் கத்தி, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரோடும் வாக்குவாதப்படுகிறவள் நான். முதல் நாள் நாற்பதாவது செக்கனில் காகத்தை 'சூ' என்று துரத்தி, மருந்தை விழுங்கிவிட்டேன்.

இனித்தான் நான் விட்ட பிழை வருகிறது.

தம்பியின் வீடும் என் வீடும் பக்கத்துப் பக்கத்து வளவு. அம்மாவின் சீதனக் காணியைப் பிரித்துக்கொண்டது. நடுவில் கிளுவை வேலி, அந்த வேலியில் ஒரு ஆள் குனிந்து வரக்கூடிய ஓட்டை, பொட்டு என்போம். தம்பியின் மனைவி, என் மச்சாள், கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து விடிய ஆறு மணிக்கு முற்றம் கூட்டிவிட்டு, அந்தப் பொட்டுக்குள்ளால் எனக்கு ஒரு பேணி தேநீர் நீட்டுவாள். நான் அதைக் குடித்து முடிக்கிறவரைக்கும் இரண்டு பேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று ஊர்க்கதை அளப்போம். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பழக்கம். ஒருவருக்கொருவர் காய்ச்சல் என்றால்தான் அது நிற்கும்.

மருந்து தொடங்கிய இரண்டாம் நாள், துளியை விட்டுக்கொண்டு குசினிக்குப் பின்னால் நிற்கிறேன், மச்சாள் பேணியோடு வந்துவிட்டாள்.

"மச்சாள், இந்தாங்கோ. இண்டைக்கு இஞ்சி போட்டனான்."

கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் தொடக்கம், அவள் கண்ணில் படக்கூடாதென்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு துளி விட்டேன். அரை மணித்தியாலம் முடிய எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரம் வந்துவிடும். பின்னேரங்களில் மருந்தின் குணத்தால் வயிறு பிரட்டும். அவர்கள் வீட்டில் மீன் பொரிக்கிற மணம் வந்தால் நான் முன்பக்கத்துக்கு ஓடிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒடியற்கூழ் காய்ச்சிக் கூப்பிட்டார்கள். போனேன். இரண்டு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று எழும்பி வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் ஒருவரோடு கதைக்காமல் விடுவதென்றால் அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. சண்டை பிடித்துச் சத்தம் போட்டால் அது கோபமே இல்லை, நாளைக்குச் சரிவந்துவிடும். அவர்கள் வீட்டில் கை நனைக்காமல் விடுவதுதான் உண்மையான கோபம். முதலில் தேநீர் வேண்டாம் என்பார்கள், பிறகு சாப்பாடு வேண்டாம் என்பார்கள், பிறகு கண்டும் காணாமல் போவார்கள். அப்படியே இருபது வருடம் கதைக்காமல் இருந்து, செத்த வீட்டுக்கு மட்டும் வந்து நிற்கிற சொந்தங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வீட்டில் இருக்கின்றன. அந்த முறையை ஒரு படியும் தவறாமல் நான் செய்துகொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல்! கணக்கு ரீச்சராம், கணக்கு ரீச்சர்.

மச்சாளுக்கு இதில் இன்னொன்றும் தெரியும். முதல் நாளே டொக்டர் எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருந்தார், கொடுக்கிறவர் எந்த நேரமும் மனம் மாறலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, பொருந்தவில்லை என்று நாங்களே சொல்லிவிடுவோம் என்று. நான் தேநீரைத் தள்ளியதையும் கூழைத் தள்ளியதையும் இதோடு கூட்டிப் பார்த்து அவள் ஒரு விடையைக் கண்டுபிடித்துவிட்டாள். 'மச்சாளுக்குக் கிட்னி குடுக்க விருப்பமில்லை, வாய் திறந்து சொல்ல ஏலாமல் ஒதுங்குறா' என்பதுதான் அது.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கிறேன், வேலிப் பொட்டு பனையோலை வைத்து அடைத்துக் கட்டியிருக்கிறது.

ஐயோ, எனக்கு வந்த கோபம்! "பாத்தியளோ இவையின்ரை வேலையை? நான் இஞ்சை இவையளுக்காகப் பட்டினி கிடந்து சாகிறன். இவ பொட்டை அடைக்கிறா!" என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். நிறை குறைய நாள் எடுக்குது என்று கோபிக்கிறாளாக்கும், வேறு யாரோ கொடுக்க முன்வந்துவிட்டார்களாக்கும் என்று என் மனம் என்னவெல்லாமோ நினைத்தது.

"போய் ஒருக்காக் கதைச்சுப் பாருமன்," என்றார் அவர்.

"நான் ஏன் போகவேணும்? பொட்டை அடைச்ச ஆக்கள் வந்து திறக்கட்டும்!"

இப்படி நான்கு மாதம் போனது. நினைக்க வெட்கமாக இருக்கிறது. அவன் மிசினுக்குப் போகிற நாட்களில் படலை திறக்கிற சத்தம் கேட்கும். ஜன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பேன். முகம் ஊதி, கறுத்து, கால்களை இழுத்துக்கொண்டு போவான். ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டும் போலிருக்கும். போகமாட்டேன். அதற்குப் பதிலாக அடுத்த நாள் காலையில் இன்னும் கண்டிப்பாக இரண்டு நிமிடமும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். நிறை எண்பத்துநான்குக்கு வந்திருந்தது. சட்டைகள் தொளதொளத்தன. பள்ளிக்கூடத்தில் எனக்குப் புற்றுநோய் என்று கதை பரவி, ஒரு சக ஆசிரியை கண்ணீரோடு அப்பிள் கொண்டுவந்து தந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை. வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருந்தார். வீட்டில் யாரும் இல்லையே என்று குசினி வாங்கிலேயே உட்கார்ந்து, துளியை விட்டுவிட்டு, போனில் இரண்டு நிமிடத்துக்கு மணி வைத்தேன். அந்த நேரம் பார்த்து முன் படலை திறந்தது. தம்பி வந்து நின்றான். எங்கள் வீட்டுக்கு அவன் முன் படலையால் வந்ததே கிடையாது. இஸ்திரி போட்ட சேட்டும் போட்டிருந்தான், ஏதோ கந்தோருக்குப் போகிறவன் மாதிரி.

வாய்க்குள் மருந்து. போன் இன்னும் ஒன்று ஐம்பது மிச்சம் என்று காட்டுகிறது. கையைக் காட்டி அவனை இருக்கச் சொன்னேன். அவன் இருக்கவில்லை.

"இல்லை அக்கா, நிக்கிறன். நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. நான் சொல்லிப்போட்டுப் போறன்," என்றான்.

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு வாங்கியது.

"உங்களுக்குப் பயம் வந்தது ஒரு குற்றமில்லை. ஆருக்குத்தான் பயம் வராது. நல்ல உடம்பை வெட்டிறதெண்டால் சும்மாவே. எனக்கும் பயம்தான் அக்கா. உங்களுக்கு ஏதும் நடந்தால் அத்தானின்ரை முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது எண்டு ஒவ்வொரு நாளும் யோசிக்கிறனான்."

வேகமாகத் தலையை ஆட்டினேன். இல்லையடா, அப்படியில்லையடா என்று அர்த்தம். அவன் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான். இரவிரவாக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்க வேண்டும்.

"திங்கக்கிழமை போய் டொக்டரிட்டைச் சொல்லப்போறன், அக்காவின்ரை பேரை வெட்டிவிடச் சொல்லி. எனக்கு விருப்பமில்லை எண்டு நானே சொல்லுறன். உங்களிலை ஒரு சொல் வராது. ஊரிலையும் ஒருத்தரும் ஒண்டும் கதைக்கமாட்டினம்."

போனில் ஒன்று பத்து. விழுங்கிவிட்டுக் கத்தலாம். ஒரு நாள் மருந்து போனால் போகட்டும். அப்படித்தான் வாயைத் திறக்கப் போனேன். ஆனால் அவன் அடுத்ததாகச் சொன்னதைக் கேட்டு அப்படியே இருந்துவிட்டேன்.

"இவள் நாலு மாதமாய் அழுறாள் அக்கா. கிட்னிக்காக இல்லை. விடிய எழும்பித் தேத்தண்ணி ஊத்துறாள், ரெண்டு பேணி. பிறகு ஒண்டைக் கொண்டுபோய்க் கழுவுற இடத்திலை ஊத்துறாள். பொட்டை அடைச்சதும் அவள்தான். 'மச்சாள் எங்களைப் பாக்கிறதுக்குக் கஷ்டப்படுறா, பாவம், பாக்காமல் இருக்கட்டும்' எண்டு அடைச்சவள். கோவத்திலை இல்லை."

என் கண்ணிலிருந்து கொட்டத் தொடங்கியது.

"மிசினிலை நான் எவ்வளவு காலம் இருப்பனோ தெரியாது. இருக்கிற காலத்துக்கு உங்கடை சத்தம் பக்கத்து வளவிலை கேக்கவேணும். நீங்கள் ஏசிற சத்தமெண்டாலும் காணும். என்னாலை கிட்னி இல்லாமல் இருக்க ஏலும் அக்கா, உங்கடை கதை இல்லாமல் இருக்க ஏலாமல் கிடக்கு."

நாற்பத்தொன்பது வருடத்தில் என் தம்பி என்னிடம் ஒரு பேச்சை முழுதாகப் பேசி முடித்ததில்லை. சின்ன வயதிலிருந்து அவன் வாயைத் திறந்தால் மீதியை நான் சொல்லி முடிப்பேன். அவன் இப்படியெல்லாம் கதைப்பான் என்றே எனக்குத் தெரியாது. எங்கள் வீடுகளில் ஆம்பிளைப் பிள்ளைகள் அக்காமாரிடம் இப்படிக் கதைப்பதுமில்லை. சாப்பிட்டியோ, ஓம். வாறன், ஓம். அவ்வளவுதான்.

"அழாதேங்கோ. நான் கோவிக்கேல்லை. வாறன்," என்று அவன் திரும்பவும் போன் மணியடிக்கவும் சரியாக இருந்தது.

விழுங்கினேன். "எட விசரா! எட பேயா! இருடா அதிலை!" என்று நான் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. அவன் வாங்கில் விழுந்து உட்கார்ந்தேவிட்டான்.

பிரிட்ஜைத் திறந்து போத்தலை எடுத்து அவன் கையில் வைத்தேன். டொக்டரின் துண்டையும் வைத்தேன். ஒவ்வொரு மாதமும் தராசில் நின்ற கணக்கு எழுதிய கொப்பியையும் அவன் மடியில் போட்டேன். தொண்ணூறரை, எண்பத்தொன்பது, எண்பத்தேழரை, எண்பத்தாறு, எண்பத்துநான்கு. நாக்கைத் தூக்கிக் காட்டினேன். "இதுக்குள்ளை மருந்தை வைச்சுக்கொண்டு நான் எப்பிடியடா கதைக்கிறது? தேத்தண்ணியை எப்பிடியடா குடிக்கிறது? கூழ் குடிச்சால் சத்தி வருதெண்டு சபையிலை சொல்லச் சொல்லுறியோ?"

அவன் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"மருந்து எடுக்க வேண்டாமெண்டெல்லோ சொன்னனான்."

"சொன்னால் விட்டிருப்பியோ?"

"இல்லை."

"பேந்தென்ன?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஊதின முகத்தில் சிரிப்பு வர, கண்கள் மூடிக்கொண்டன. எனக்குச் சிரிக்கவும் அழவும் ஒரே நேரத்தில் வந்தது. நெஞ்சில் நான்கு மாதமாக ஏறியிருந்த பாரம் அப்படியே இறங்கியது. எட்டுக் கிலோ குறைந்தபோதுகூட எனக்கு அவ்வளவு இலேசாக இருக்கவில்லை.

ஆனால் அவன் சும்மா விடவில்லை. திங்கட்கிழமை என்னோடு கிளினிக்குக்கு வந்து, டொக்டரை நிமிர விடாமல் கேள்வி கேட்டான். இந்த மருந்தால் அக்காவின் கிட்னிக்கு ஏதும் வருமோ, ஈரலுக்கு வருமோ, நிறுத்தினால் என்ன செய்யும். டொக்டர் என் இரத்தப் பரிசோதனைத் தாள்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். ஒரு மாதம் ஒரு எண் பிசகினாலும் நிறுத்த வேண்டும் என்று அவன் ஒரு நிபந்தனை போட்டான். டொக்டரும் நானும் சரி என்றோம். குளிசையைக் கச்சான் கொட்டை மாதிரிப் போட்டவன், இப்போது ஒரு துளிக்கு இவ்வளவு கேள்வி கேட்கிறான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

தம்பி போய்ச் சொன்ன அந்தச் சனிக்கிழமை மத்தியானமே மச்சாள் பனையோலையைப் பிய்த்து எறிந்துவிட்டுக் குனிந்து இந்தப் பக்கம் வந்தாள். வந்தவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுவாள் என்று பார்த்தால், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஏசினாள்.

"நீங்கள் ஒரு ரீச்சரோ? வாயிலை மருந்தெண்டால், ஒரு துண்டுக் கடதாசியிலை எழுதிக் காட்டத் தெரியாதோ?"

"நீர் சொல்லுறது சரிதான்," என்றேன். நான் அப்படி ஒத்துக்கொண்டதைக் கண்டு பயந்துதான் அவள் அழத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு மருந்து எடுப்பது ஒரு திருவிழா. காலை ஆறு மணிக்கு நான் வேலியடியில் துளியை விட்டுக்கொண்டு நிற்பேன். மச்சாள் தன் போனில் மணி வைத்துவிட்டு, அந்த இரண்டு நிமிடமும் ஊர்க்கதை முழுவதையும் சொல்லித் தீர்ப்பாள். குறுக்கே ஒரு சொல் சொல்ல முடியாமல் நான் நிற்கிறதில் அவளுக்குப் பரம சந்தோஷம். 'அது பிழை, அந்தப் பெடிச்சி கட்டினது வேறை ஆளை' என்று திருத்த எனக்கு நாக்கு துடிக்கும். கையைக் காலை ஆட்டுவேன். அவள் கண்டும் காணாதவள்போலத் தொடர்வாள். அரை மணித்தியாலம் கழித்து, சீனி இல்லாத தேநீர் பொட்டுக்குள்ளால் வரும். ஊரில் யாராவது எனக்குப் புற்றுநோய் என்று துக்கம் விசாரித்தால், "அவவுக்கு ஒரு வருத்தமும் இல்லை, நீங்கள் உங்கடை அலுவலைப் பாருங்கோ" என்று அவளே திருப்பி அனுப்பிவிடுவாள்.

இன்னும் மூன்று மாதம் எடுத்தது. கடைசித் தடவை தராசில் ஏறியபோது எழுபத்தெட்டு கிலோவும் சொச்சமும். டொக்டர் எழும்பி நின்று பார்த்தார்.

"மருந்து வேலை செய்திருக்கு, டொக்டர்," என்றேன்.

"மருந்தோ, நீங்கள் வாயைக் கட்டினதோ, எனக்கு நிச்சயமாய்ச் சொல்லத் தெரியாது ரீச்சர். எதெண்டாலும் தராசு சரி சொல்லுது."

எனக்கும் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை. சத்திரசிகிச்சைக்கு முன்னால் மருந்தை நிறுத்த வேண்டும் என்று சொல்லி, திகதியும் குறித்துத் தந்தார்கள். மிச்சம் இருந்த போத்தலைக் கிளினிக்கிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போனபோது, ஒரு அறையில் என்னைத் தனியே இருத்தி, மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். இது கட்டாயம் செய்கிற விசாரணையாம். உங்களை யாராவது வற்புறுத்தினார்களா, பயமுறுத்தினார்களா, மனம் மாறினால் இப்போதும் சொல்லலாம் என்றார்கள்.

"வற்புறுத்தல் நடந்தது உண்மைதான். நான்தான் அவனை வற்புறுத்தினனான்," என்றேன். அவர்களில் எழுதிக்கொண்டிருந்த பெண் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

சத்திரசிகிச்சை நாள் கையில் ஊசி ஏற்றியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. விழித்தபோது தொண்டை வறண்டு, வலது பக்கம் பாறாங்கல் வைத்ததுபோல நொந்தது. தம்பி எப்படி என்று கேட்க வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை. தாதி, அவர் வேறு வார்ட்டில், பேசாமல் படுங்கோ என்றுவிட்டுப் போய்விட்டார். அந்த நாள் முழுவதும் யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வெட்டி எடுத்ததை அவன் உடம்பு தள்ளிவிட்டதோ, இதயம் தாங்கவில்லையோ, சொல்லப் பயந்து ஒளிக்கிறார்களோ என்று இரவு முழுவதும் நினைத்துக்கொண்டேயிருந்தேன்.

அடுத்த நாள் காலையில் மச்சாள் வந்தாள். அவன் வார்ட்டிலிருந்து நேரே வந்திருக்கிறாள், முகமூடியைக் கழற்ற மறந்துபோய்ப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மச்சாள், பாருங்கோ! சலம் போகுது!"

போனில் ஒரு படம். கட்டிலோரம் தொங்குகிற பை, அதற்குள் பாதிக்கு மேல் மஞ்சளாகச் சிறுநீர். ஒரு வருடத்துக்கு மேலாக அவனுக்குச் சலம் என்று ஒரு சொட்டுப் போனதில்லை. மேசையில் வைத்துப் பொருத்தின உடனேயே போகத் தொடங்கிவிட்டதாம். விடியிறதுக்குள் நான்கு தடவை பையை ஊற்றி மாற்றினார்களாம். கனடாவில் இருக்கிற சொந்தங்களுக்கெல்லாம் அந்தப் படத்தை அனுப்பிவிட்டாளாம்.

"எடி, உதையோ அனுப்பினனீர்?" என்றேன். குரல் கரகரத்து வந்தது.

"ஓம்! எல்லாரும் பாக்கட்டும்!"

"இன்னொருக்காக் காட்டும்."

காட்டினாள். விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. மச்சாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஊசி குத்தாத என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் ஒருவரும் இத்தனை மாதமாக வாய் திறந்து கேட்காததற்கு அவள்தான் மறுமொழி சொன்னாள்.

"மச்சாள், இவர் இருப்பார்."

"ஓம்," என்றேன். "இருப்பான்."